கீழத்தெருப் பாக்கியத்தைப் பின்பற்றினேன்

என் மனைவி சொர்ணம் வாந்திபேதியில் சாகக் கிடந்த அன்று, எங்கள் சபையார் என் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். தெருவிலேயே நின்றார்கள். விரித்த குடையோடு, உரத்த சத்தமாய் எங்களுக்காக ஜெபித்தார்கள். ஆமென் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். ஒருவராவது படியேறி உள்ளே வரவில்லை. அப்படி நிற்கவும் அப்படித் திரும்பிப் போகவும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான்.

இதை எழுதும்போது எனக்கு வயது எண்பதை நெருங்குகிறது. சாட்சி சொல்லுகிறவர்கள் தங்களுக்கு வந்த துன்பத்தைச் சொல்வார்கள். நான் அதோடு என் குற்றத்தையும் சொல்லவேண்டியவனாயிருக்கிறேன். ஆனாலும் வெட்கத்தோடு மட்டும் இதை எழுதவில்லை. என் ஆயுசில் நான் தலைநிமிர்ந்து சொல்லக்கூடிய ஒரே காரியமும் இந்தத் துன்பத்திலிருந்துதான் வந்தது.

இந்த நூற்றாண்டு பிறந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. பாளையங்கோட்டையில் உபாத்தியாயர் பயிற்சி முடித்து, சபையை நடத்துகிற உபதேசியார் வேலையும் பள்ளிக்கூட வேலையும் சேர்த்து, ஏரலுக்கு மேற்கே தாமிரபரணிக் கரையிலுள்ள ஒரு சிற்றூருக்கு என்னை அனுப்பினார்கள். சுற்றிலும் வயலும் வாழைத் தோட்டமும். மேலத்தெருவில் நிலமுள்ள சைவக் குடும்பங்கள். எங்கள் வேதக்கோயில் இருந்த கோயில் தெருவில் கொஞ்சம் வசதியுள்ள கிறிஸ்தவர்கள். கீழத்தெருவில் கூலிக்குப் போகிற கிறிஸ்தவர்கள். எனக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம். படித்திருந்தேன். நல்ல குரல் இல்லை. அதுதான் என் மனக்குறை.

அந்தக் காலத்தில் எங்கள் வட்டாரத்தில் மாசிலாமணிப் பிரசங்கியார் என்றால் தெரியாதவர் கிடையாது. கொற்கைப் பக்கத்துச் சபைகளில் அவர் பிரசங்கம் என்றால் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வயல் வரப்பு வழியே நடந்து வருவார்கள். வியாதிக்காரர் வீட்டுக்கு அவர் ஜெபிக்கப் போவதே ஒரு காட்சி. வீட்டுக்குள் போகமாட்டார். தெருவில் நின்று, வலது கையில் குடையைப் பிடித்து, இடது கையை உயர்த்தி, தொண்டையைச் செருமி, ஜெபத்தைத் தொடங்குவார். அந்தச் சத்தத்தில் தெருவே அடங்கும். மாடு கூட மெல்லுவதை நிறுத்தும் என்று சொல்வார்கள். பரிசுத்த காரியத்துக்கு உரிய கம்பீரம் அது என்று நான் நினைத்தேன்.

அவரைப் போலவே ஆகவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவர் வைத்திருந்ததைப் போலப் பிரம்புப் பிடிக் குடை வாங்கினேன். ஆற்றங்கரையில் தனியாகப் போய் நின்று அவர் குரலைப் பழகினேன். அவர் செருமுவதைக்கூடப் பழகினேன். வியாதிக்காரர் வீடுகளில் அவரைப் போலவே தெருவில் நின்று ஜெபித்தேன். சபையாருக்கு அது பிடித்துப்போயிற்று. சபை மூப்பரான ஆசீர்வாதம் அண்ணாச்சி ஒரு நாள் எல்லாருக்கும் கேட்கிறமாதிரிச் சொன்னார்: “ஏலே, நமக்கு ஒரு சின்ன மாசிலாமணி கெடச்சிருக்காரு வே! இனிமே பெரியவரைத் தேடி அங்கன நடக்க வேண்டாம்.”

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

எனக்கு முன்பு அந்த ஊரில் யாக்கோபு என்ற வயதான உபதேசியார் இருந்தார். நான் வருவதற்குச் சில மாதம் முன்புதான் காலமாகியிருந்தார். அவர் வேதம் வாசிக்கும்போது எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாராம். பாதி வாசிப்பில் இடம் தவறி, தொடங்கின இடத்துக்கே வந்துவிடுவாராம். இதைக் கேட்டு நான் சிரித்ததுமல்லாமல், மற்றவர்களுக்கும் நடித்துக் காட்டியிருக்கிறேன்.

அந்த வருஷம் ஐப்பசி மழை பலமாயிருந்தது. ஆறு கலங்கிப் போயிற்று. கார்த்திகையில் வாந்திபேதி வந்தது. முதலில் ஆற்றுக்கு அக்கரை. பிறகு எங்கள் கீழத்தெரு. ஜனங்கள் பயப்படக்கூடாதென்று சாவுமணி அடிப்பதை நிறுத்தினோம். மணி அடிக்காததே பெரிய பயமாகிவிட்டது.

கீழத்தெருவில் பாக்கியம் என்று ஒரு விதவை. வாழைத் தோட்டத்தில் இலை அறுக்கிற வேலை. அவளுக்கு ஒரே மகள், அன்னாள். என் பள்ளிக்கூடத்தில் படித்த பெண். சங்கீதங்களை மற்றப் பிள்ளைகளுக்கு முன்பே மனப்பாடம் சொல்லிவிட்டு, ‘அடுத்தது சொல்லட்டுமா?’ என்று என் முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பிள்ளைக்கு நோய் கண்டது. நான் போனேன். தெருவில் நின்றேன்.

பாக்கியம் வெளியே வந்தாள். “உள்ள வாங்கய்யா. வாத்தியாரையா வந்தாச்சான்னு புள்ள கேட்டுக்கிட்டே கெடக்கா. ஒரு தடவ மொகத்தக் காட்டிட்டுப் போங்க.”

“இங்கிருந்தே ஜெபிக்கிறேன், பாக்கியம். கர்த்தருக்குத் தூரம் கிடையாது” என்றேன்.

கர்த்தருக்குத் தூரம் இல்லைதான். அந்தப் பிள்ளைக்கு இருந்தது. நான் இடது கையை உயர்த்திச் செருமினேன். நீண்ட ஜெபம் செய்தேன். உள்ளே இருந்து “ஐயா” என்று ஒரு மெல்லிய சத்தம் கேட்டது. கேட்காதவன் மாதிரி என் சத்தத்தை உயர்த்தினேன். பாதி பயம். கீழத்தெரு வீட்டுக்குள் நுழைவதா என்ற நினைப்பு மறுபாதி. எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் உண்மை இதுதான். பொழுது சாயுமுன் அன்னாள் மரித்துப்போனாள்.

அடுத்த வாரம் அந்த நோய் என் வீட்டுக்கு வந்தது.

விடியற்காலத்தில் சொர்ணத்துக்குத் தொடங்கிற்று. சூரியன் ஏறுவதற்குள் அவள் கண் குழிவிழுந்துவிட்டது. கை விரல்கள் தண்ணீரில் ஊறினதுபோலச் சுருங்கின. கால் இழுத்துக்கொண்டு அவள் துடித்தபோது என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மருந்து வீட்டில் இருந்தது. கொடுத்தேன். கக்கிவிட்டாள். துணி மாற்றத் தெரியவில்லை. அடுப்பு மூட்டத் தெரியவில்லை. அதுவரை ஒரு வியாதிக்காரரின் உடம்பை நான் தொட்டதே இல்லை.

அப்போதுதான் சபையார் வந்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆசீர்வாதம் அண்ணாச்சி முன்னால் நின்றார். குடையை விரித்தார். இடது கையை உயர்த்தினார். செருமினார். பிறகு ஜெபம் தொடங்கிற்று. வார்த்தைக்கு வார்த்தை என் ஜெபம். என் ஏற்ற இறக்கம். நான் எங்கே நிறுத்தி மூச்சு வாங்குவேனோ அங்கே அவரும் நிறுத்தினார். வெளியே நின்றபோது அது எவ்வளவு கம்பீரமாய் இருந்தது! உள்ளே இருந்து கேட்டபோது அதில் ஒன்றுமே இல்லை.

“அண்ணாச்சி, யாராவது உள்ளே வாருங்கள்” என்று கூப்பிட்டேன். அவர் ஜெபச் சத்தத்தை உயர்த்தினார்.

அவர்கள் போன பிறகு கட்டிலருகே முழங்காலில் விழுந்தேன். பழகின வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை. “கர்த்தாவே, உள்ளே வர யாரையாவது அனுப்பும்” என்று மாத்திரம் கேட்டேன். அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன். சுகத்தைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை. மனுஷ முகம் ஒன்று பக்கத்தில் வேண்டும், அவ்வளவுதான்.

மத்தியானம் ஆகிவிட்டது. கதவு தட்டாமலே திறந்தது. பாக்கியம் நின்றாள். இடுப்பில் தண்ணீர்ப் பானை. தலையில் ஒரு விறகுக்கட்டு.

“இங்கன என்ன மண்டி போட்டுக்கிட்டு இருக்கிய? தள்ளுங்க” என்றாள்.

“பாக்கியம், இது தொத்து நோய்…”

“ஆமா, எனக்குத் தெரியாத நோயி பாருங்க! எம் மவளக் கொண்டு போனதே இதுதானே. அழுது முடிச்சாச்சுன்னா போயி அடுப்பப் பத்த வைங்க.”

“பத்தவைக்கத் தெரியவில்லை.”

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்றும் மனதில் இருக்கிறது. “படிச்ச பள்ளிக்கூடத்துல இத மட்டும் விட்டுட்டாகளாக்கும்” என்று சொல்லிக்கொண்டே விறகை இறக்கினாள்.

அடுப்பை மூட்டிக் கஞ்சி வைத்தாள். சொர்ணத்தின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். துணி மாற்றினாள். கழுவினாள். இழுத்த காலைத் தேய்த்தாள். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணியைத் துளித்துளியாக வாயில் விட்டாள். சொர்ணம் கக்கினாள். மறுபடியும் விட்டாள். மறுபடியும் கக்கினாள். பாக்கியம் முகம் சுளிக்கவில்லை. “பைய குடி, தாயி. அவசரமில்ல. நான் எங்கயும் போகல. பைய” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவளிடமிருந்து ஜெபம் என்று ஒன்றும் வெளியே கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை, “ஏசப்பா, இவளையாவது விட்டுரும்” என்று தனக்குள் சொன்னதை நான் கேட்டேன்.

நான் ஒரு மூலையில் நின்றிருந்தேன். “சும்மா நிக்காம அந்தக் காலப் புடிங்க” என்றாள். பிடித்தேன். வியாதியாய்க் கிடந்த ஒரு உடம்பை அன்றுதான் முதல்முதலாக என் கை தொட்டது. அதுவும் என் சொந்த மனைவியுடையது.

மறுநாள் வெயில் ஏறினபோது சொர்ணம் கண்ணைத் திறந்தாள். “யக்கா, பசிக்கி” என்றாள். பாக்கியம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தன் மகளுக்காக அவள் அழுததை ஊரில் யாரும் பார்த்ததில்லை. அன்று அழுதாள்.

கேட்டது கிடைத்தது. உள்ளே வர ஒருவரைக் கேட்டேன், கர்த்தர் அனுப்பினார். யார் வாசலில் நான் நின்றுவிட்டு வந்தேனோ, அந்த வீட்டிலிருந்தே அனுப்பினார். வேறு யாரை அனுப்பியிருந்தாலும் என் மனைவி பிழைத்திருக்கலாம். எனக்கு இந்தப் பாடம் கிடைத்திருக்காது.

சொர்ணம் எழுந்து உட்காருவதற்குள் ஆசீர்வாதம் அண்ணாச்சியின் வீட்டில் அவருடைய தகப்பனாருக்கு நோய் கண்டது. பாக்கியம் என் வாசலுக்கு வந்து, “வாங்க, போவோம்” என்றாள்.

“நானா?”

“பொறவு யாரு? உங்க சபைதானே?”

போனேன். தைரியத்தோடு போனேன் என்று பொய் சொல்லமாட்டேன். அவள் பின்னால், அவள் கால் வைத்த இடத்தில் கால் வைத்துப் போனேன். அவள் குனிந்தபோது குனிந்தேன். அவள் தூக்கினதை மறுபக்கம் பிடித்துத் தூக்கினேன். அண்ணாச்சி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

“உபதேசியாரே, நீரு உள்ளயா வாரீரு?” என்றார்.

நான் பதிலுக்கு ஏதோ ஆறுதல் வார்த்தை தொடங்கினேன். பழக்க தோஷம், செருமலும் வந்துவிட்டது. பாக்கியம் திரும்பிப் பார்த்தாள். “பிரசங்கத்தப் பொறவு பாத்துக்கலாம். அந்தப் பானையத் தூக்குங்க.” மரணத் தறுவாயில் கிடந்த பெரியவர்கூட அப்போது சிரித்தார்.

அவர் பிழைக்கவில்லை. மறுநாள், நான் அவர் கையைப் பிடித்திருக்கும்போதே போய்விட்டார். அந்தக் கார்த்திகையில் பலர் பிழைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் சபையில் யாரும் தனியாகச் சாகவில்லை. அண்ணாச்சியே அடுத்த வீட்டுக்கு எங்களோடு வந்தார். அவரைப் பார்த்து அவர் தம்பி வந்தார். நோய் ஓய்வதற்குள் மேலத்தெருவில் ஒரு சைவப் பிள்ளைவாள் வீட்டிலிருந்து எங்களைக் கூப்பிட ஆள் வந்தது. அவர்களுடைய வேலைக்காரர்கள் ஓடிப்போயிருந்தார்கள். பாக்கியம் அந்த வீட்டு முன்வாசல் வழியாகவே உள்ளே போனாள். கீழத்தெருவிலிருந்து ஒருவர் அந்த வாசல் வழியாகப் போனது அதுதான் முதல் தடவை. அதைப் பார்த்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் போனபோது எனக்கு உண்டான பெருமை, எந்தப் பிரசங்கபீடத்திலும் உண்டானதில்லை.

நோய் ஓய்ந்த பிறகு நான் பாக்கியத்தின் வீட்டுக்குப் போனேன். உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தேன். “அன்னாள் கூப்பிட்டது எனக்குக் கேட்டது, பாக்கியம். கேட்டும் வரவில்லை. என்னை மன்னிக்கவேண்டும்” என்றேன்.

அவள் அறுத்த வாழையிலைகளைக் கட்டி ஓரமாக வைத்தாள். பிறகு பேசினாள்.

“உங்களச் சபிச்சேன்யா. புள்ளயப் பொதச்ச நாளுலேருந்து தெனமும் சபிச்சேன். உங்க வீட்டம்மாவுக்கு வந்துட்டுன்னு கேட்டதும் எனக்குக் கை காலு ஓடல. என் சாபந்தான் அங்கன போயிட்டோன்னு பயந்துட்டேன். அவ என்னய்யா பாவம் செஞ்சா? ஒரு மனசு, கெடக்கட்டும்னு சொல்லுது. இன்னொரு மனசு, யாக்கோபு உபதேசியாரு இருந்தா இந்நேரம் எங்கன இருப்பாருன்னு கேக்குது. பொறவு வீட்டுல இருக்க முடியல.”

“யாக்கோபு உபதேசியாரா?”

“எங்க வீட்டுக்காரரு சாகக் கெடந்தப்போ அவருதான் வந்தாரு. அவரு செஞ்ச பிரசங்கம் ஒண்ணுகூட எனக்கு ஞாபகம் இல்ல. சத்தியமா இல்ல. ஆனா எங்கன உக்காந்தாருன்னு காட்டட்டா?” என்று எழுந்தாள். சுவரோரம், கட்டில் போட்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் கையை வைத்தாள். “இங்கன. ராவும் பகலும் இங்கனயே. வாந்தியத் தன் துண்டால தொடச்சாரு. அவரு செஞ்சத நான் செஞ்சேன். வேற எனக்கு என்ன தெரியும்?”

எழுத்துக் கூட்டி வாசிக்கிறார் என்று நான் சிரித்த மனிதர் அவர். அவர் முகத்தை நான் கண்டதில்லை. ஆனாலும் அவர் நடந்த விதத்தை என் வீட்டுக்குள் கண்டிருந்தேன், பாக்கியத்தின் கையில். அவரும் யாரிடமிருந்து அதைக் கற்றாரோ, அந்த வழியே பின்னால் போனால் கடைசியில் குஷ்டரோகியைத் தொட்ட ஆண்டவரிடத்தில் போய் நிற்போம். ஆண்டவரை நம்மில் யாரும் கண்ணால் கண்டதில்லை. அவரைப் போல நடக்கிறவர்கள் வழியாகவே அவர் நம் வீட்டுக்கு வருகிறார். இது எனக்குப் புத்தகத்தில் கிடைக்கவில்லை. ஈரமான மண் தரையில் உட்கார்ந்திருந்தபோது கிடைத்தது.

மன்னித்தேன் என்று அவள் வாயால் சொல்லவில்லை. நான் எழுந்து புறப்பட்டபோது, “ஒரு வாய் கஞ்சி குடிச்சிட்டுப் போங்க” என்றாள். குடித்தேன்.

மாசிலாமணிப் பிரசங்கியாரைப் பற்றி ஒன்று சொல்லாவிட்டால் அநியாயம் செய்தவனாவேன். பல வருஷங்கள் கழித்து, ஐரோப்பாவில் முதல் மகா யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், அவர் வயதாகிப் பாளையங்கோட்டையில் படுத்த படுக்கையாயிருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். அந்தக் குரல் போய்விட்டிருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் சொன்னேன். குடை வாங்கினதையும் செருமப் பழகினதையும் சொன்னேன். முதலில் சிரித்தார்.

“வீட்டுக்குள் போகாமல் தெருவில் நிற்பதையும் உங்களைப் பார்த்துத்தான் கற்றேன், ஐயா” என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. “அது பயத்துல நின்னது, தம்பி” என்றார். “எம் பொண்டாட்டியும் புள்ளையும் ஒரே வாந்திபேதியில போனாக. அதுக்குப் பொறவு எந்த நோயாளி வீட்டுக்குள்ளயும் கால் வைக்க முடியல. சத்தத்தப் பெருசாப் போட்டா பயம் வெளிய தெரியாதுன்னு போட்டேன். அதையுமா நீ படிச்சுக்கிட்ட?”

அவர் கண்ணீர் விட்டார். நானும் விட்டேன். அவர் கெட்ட மனிதரல்ல. காயப்பட்ட மனிதர். ஒருவர் நன்றாகப் பேசுகிறார் என்பதற்காக அவரை முழுவதுமாக வாரி எடுத்துக்கொண்டேன். அவருடைய காயத்தையும் கம்பீரம் என்று நம்பிச் சுமந்தேன். தவறு அவருடையதல்ல, தெரிந்தெடுத்த என்னுடையது. அன்று முழுவதும் அவரோடு இருந்து, அவர் முகத்தைத் துடைத்து, கஞ்சி கொடுத்தேன். “இதெல்லாம் எங்கலே படிச்ச?” என்று கேட்டார். “கீழத்தெருப் பாக்கியத்திடம்” என்றேன். அதைச் சொன்னபோது, இன்ன கல்லூரியில் இன்னாரிடம் படித்தேன் என்று சொல்லுகிறவர்களின் பெருமைக்கு என் பெருமை குறைந்ததாயில்லை.

பாக்கியம் மரித்து நெடுங்காலமாயிற்று. சொர்ணம் இருக்கிறாள். இதை வாசித்துக் காட்டினேன். “பாக்கியம் அக்கா இதக் கேட்டா உங்கள ஒரு வழி பண்ணியிருப்பா” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் எங்கே வேலை பார்த்தாலும், வியாதிக்காரர் வீட்டுக்குள் போய் உட்காருகிற சபை என்று அந்தந்தச் சபைக்குப் பேர் வந்தது. அந்தப் பேர் என்னுடையதல்ல. ஆனாலும் அதைப் பற்றிப் பெருமைப்படாமலிருக்க என்னால் முடியவில்லை. கர்த்தருக்கே மகிமை.

அன்பானவர்களே, நாம் எல்லாரும் யாரையாவது பார்த்துத்தான் நடக்கிறோம். பார்க்கவில்லை என்று சொல்லுகிறவனும் பார்க்கிறான். நம்மையும் யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகையால் யாரைப் பார்ப்பது என்று ஜெபித்துத் தெரிந்தெடுங்கள். யாருடைய பேச்சு நினைவில் நிற்கிறது என்று கேட்காதீர்கள். துன்பப்பட்ட வீட்டில் யார் உட்கார்ந்த இடம் நினைவில் நிற்கிறது என்று கேளுங்கள். உங்கள் சபையிலும் அப்படிப்பட்டவர் ஒருவர் இருப்பார். உங்களுக்கு இன்னும் பேர் தெரியாதவராகவும் இருக்கலாம். கர்த்தரைக் கேளுங்கள், காட்டுவார். எனக்குக் காட்டினார். காட்டின பிறகு அந்த மனிதரைப் புகழ்ந்துகொண்டு இருந்துவிடாதீர்கள். அவர் எந்த வீட்டுக்குப் புறப்படுகிறாரோ, நீங்களும் எழுந்து கூடப் போங்கள்.